இரட்டைப் பல்சட்டமும் நவம்பர் மழையும்

கல்லாறு தாண்டியதும் நீலகிரி மலை ரயிலின் ஓசை மாறிவிடும். அதுவரை கேட்டுவந்த தடதடப்போடு, அடியிலிருந்து இன்னொரு கடகடப்பும் சேர்ந்துகொள்ளும். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பதித்திருக்கும் பல்சட்டத்தை இன்ஜினின் பல்சக்கரம் கவ்வி ஏறுகிற சத்தம் அது. பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயர்கிற பாதையில் வழவழப்பான இரும்புச் சக்கரம் வெறும் உராய்வை நம்பி ஏற முடியாது. அதனால்தான் 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தபோதே பல்சட்டமும் உடன் வந்தது. ஊட்டி வரை பாதை நீண்டது 1908இல். குன்னூருக்கு மேலே பல்சட்டம் தேவைப்படவில்லை.

அந்தச் சட்டத்தைக் குனிந்து பார்த்தவர்கள் குறைவு. பார்த்தால் ஒன்று தெரியும்: நடுவே இருப்பது ஒரு சட்டமல்ல, அருகருகே இரண்டு. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் 1880களில் வகுத்த முறை இது. இன்ஜினின் அடியில் இருக்கும் பல்சக்கரத்தின் ஒரு பல் விடுபடும் நொடியில் இன்னொரு பல் முழுதாகப் பிடித்திருக்கும். எந்தக் கணத்திலும் பிடி முற்றாக விட்டுப்போவதில்லை. இன்ஜின் ரயிலுக்கு முன்னால் அல்ல, பள்ளத்துப் பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கையில் பிரேக்கோடு நிற்பார். ஒன்று தவறினால் இன்னொன்று தாங்க வேண்டும் என்ற எண்ணம் இந்தப் பாதையின் ஒவ்வோர் உறுப்பிலும் இருக்கிறது.

ஆனால் அந்த இரண்டு சட்டங்களும் கிடப்பது ஒரே ஸ்லீப்பர் கட்டைகளின் மேல்தான். கட்டைகள் கிடப்பது ஒரே மலைச்சரிவில்.

2009 நவம்பரில் அந்தச் சரிவு பெயர்ந்தது. நவம்பர் 10ஆம் தேதி கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. குன்னூர், கேத்தி, ஊட்டி வட்டாரங்களில் வீடுகள் மண்ணுக்குள் போயின. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாலைகள் துண்டாகின. மேட்டுப்பாளையம் - குன்னூர் ரயில் மாதக்கணக்கில் ஓடவில்லை. அடியிலிருந்து மண்ணே நழுவிய இடத்தில், பாதையோடு இரண்டு பல்சட்டங்களும் சேர்ந்தே அந்தரத்தில் தொங்கின. ஆப்ட்டின் கண்டுபிடிப்பு பொய்த்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. அது சறுக்கலைத் தடுக்கச் செய்யப்பட்டது. மண்சரிவுக்கு அதனிடம் பதில் கிடையாது.

இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், இன்று நீலகிரி வீடுகளின் அலமாரிகளில் குடியேறியிருக்கும் ஒரு சின்னப் பெட்டியின் கதை எளிதாகப் புரியும். வீட்டுப் படங்கள், திருமண வீடியோ, பத்திரங்களின் ஸ்கேன், தோட்டக் கணக்கு என எல்லாவற்றையும் போட்டுவைக்கும் நாஸ் பெட்டி அது. அதற்குள் இரண்டோ நான்கோ ஹார்டு டிஸ்க்குகள். அவற்றை ஒன்றாகக் கட்டும் முறைக்கு ரெய்டு என்று பெயர். தமிழ்க் காதுக்கு வருமான வரிச் சோதனையை நினைவூட்டும் சொல்தான். வேலை நேர்மாறு, இருப்பதைக் காப்பது. எதிலிருந்து காப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

ஒன்றுக்குப் பல படி வைத்துக் காப்பது தமிழருக்குக் கணினி கற்றுத்தந்த பழக்கமல்ல. பனையோலையின் ஆயுள் குறைவு. கறையான், பூச்சி, ஈரம், அடுப்புப் புகை எல்லாவற்றையும் தாண்டி ஓர் ஏடு சில நூற்றாண்டுகள் இருந்தால் பெரிது. அதனால் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதுவது ஒரு தொழிலாகவே நடந்தது. சரசுவதி பூசையன்று ஏடுகளை வெளியே எடுத்துத் தூசி தட்டி, புல்லெண்ணெய் பூசி, மீண்டும் கட்டி அடுக்குவார்கள். படியெடுத்து முடிந்த பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடும் வழக்கமும் இருந்தது. பின்னாளில் படியெடுப்பது நின்றுபோனது. ஆற்றில் விடுவது மட்டும் நிற்கவில்லை. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்த காலத்தில் நெஞ்சு பதைத்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

பதிற்றுப்பத்தின் கதையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். சேர மன்னர்களைப் பாடும் நூறு பாடல்கள், பத்துப் பத்தாக. ஐயர் 1904இல் அதைப் பதிப்பித்தார். அவருக்குக் கிடைத்த பிரதிகள் பல. ஆனால் ஒன்றிலும் முதல் பத்து இல்லை, பத்தாம் பத்தும் இல்லை. என்றோ ஒரு மூல ஏட்டின் முன்னும் பின்னும் சிதைந்திருக்க வேண்டும். அந்தச் சிதைந்த ஏட்டிலிருந்தே எல்லாப் படிகளும் கிளைத்திருக்க வேண்டும். எத்தனை படி இருந்தும் என்ன? எல்லாமே ஒரே குறையைச் சுமந்தன. எட்டுப் பத்துகள்தான் நமக்கு மிஞ்சின.

இழந்ததில் கொஞ்சம் திரும்பக் கிடைத்தது, அதுவும் எதிர்பாராத இடத்திலிருந்து. தொல்காப்பிய உரைகளிலும் புறத்திரட்டு என்ற தொகை நூலிலும் மேற்கோளாக வந்த சில பாடல்களை, தொலைந்த பத்துகளைச் சேர்ந்தவையாக அறிஞர்கள் அடையாளம் கண்டார்கள். முத்தொள்ளாயிரம் முழுநூலாகக் கிடைக்கவேயில்லை; புறத்திரட்டில் இருந்த நூற்றுச் சொச்சம் வெண்பாக்களால்தான் அது இன்று நம் கையில் இருக்கிறது. படியெடுத்தவனின் ஏட்டில் இல்லாதது, வேறொரு காரணத்துக்காக, வேறொரு ஊரில், வேறொருவர் எழுதிவைத்த நூலில் பிழைத்திருந்தது. தரவு மீட்பு என்று இன்று பெயர் சூட்டியிருக்கும் வேலையின் சாரம் இதுதான்.

நீலகிரிக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. ஊட்டியை அடுத்த இந்து நகரில் இருந்தது ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1960இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம்; பிரான்சின் பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையோடு 1967இல் உற்பத்தி ஆரம்பித்தது. தூசி குறைந்த குளிர்ந்த காற்று, பிலிமில் ரசாயனம் பூசும் வேலைக்குத் தோதாக அமைந்தது. அதன் சரக்குக்குப் பெயர் ‘இந்து’. நிலவு என்று பொருள். கறுப்பு வெள்ளைப் பிலிம், புகைப்படத் தாள், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் இங்கிருந்து நாடெங்கும் போயின. நாட்டின் எத்தனையோ குடும்பங்களின் முகம் நீலகிரியில் செய்த பிலிமில் பதிந்திருக்கிறது. 1990களில் நிறுவனம் நலிந்தது. வண்ணப் பிலிமும் பிறகு டிஜிட்டலும் அதை எழவிடவில்லை. 2014இல் ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து மூடும் முடிவை மத்திய அரசு எடுத்தது.

பிலிம் காலத்தில், யாரும் திட்டமிடாமலேயே ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருந்தது. நெகட்டிவ் ஸ்டூடியோவில் இருக்கும். பிரிண்ட் வீட்டு ஆல்பத்தில் இருக்கும். பட்டர் பேப்பர் உறையில் எண் போட்டு ஸ்டூடியோக்காரர் நெகட்டிவை அடுக்கிவைப்பார். வீட்டில் ஆல்பம் நனைந்துபோனால் எண்ணைச் சொல்லி மறுபிரதி வாங்கலாம். ஸ்டூடியோவில் தீப்பிடித்தாலும் ஆல்பம் தப்பும். அதைப் படமெடுத்துப் புதுப்பிக்கலாம். இரண்டு இடம், இரண்டு பேர், இரண்டு வகைப் பொருள். அசிட்டேட் பிலிமுக்கு ஈரத்தில் ஒரு நோய் வரும்: புளிக்காடி நாற்றத்தோடு சுருங்கி உரியும். அதே ஈரத்தில் தாளில் போட்ட பிரிண்டுக்கு வேறு கேடு வரலாம், ஆனால் இந்தக் கேடு வராது. பொருள் வேறாக இருந்ததே ஒரு காப்பு.

டிஜிட்டல் கேமரா வந்ததும் அந்த ஏற்பாடு ஓசையின்றிக் கலைந்தது. பல ஸ்டூடியோக்கள் படங்களை ஒரு பென்டிரைவில் கொடுத்துவிட்டு, சில மாதங்களில் தங்கள் கணினியிலிருந்து அழித்துவிடுகின்றன. இடம் போதாது என்பது காரணம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டு இடத்தில் இருந்த கல்யாணம் இப்போது ஓர் இடத்தில் மட்டுமே இருக்கிறது. காக்கும் பொறுப்பு முழுதும் வீட்டின் மேல் வந்து விழுந்தது. ஸ்டூடியோ அலமாரியின் வேலையைச் செய்யத்தான் நாஸ் பெட்டி வந்தது என்று சொன்னால் மிகையில்லை.

அந்தப் பெட்டிக்குள் இருக்கும் யோசனை பிறந்தது கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில். நீலகிரிக்குப் பழக்கமான இடம்தான்: தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் 1930களில் இங்கே வந்து கேட்டு எழுதிக்கொண்ட மொழியியலாளர் எமெனோ, பிறகு வாழ்நாளின் பெரும்பகுதி பணியாற்றியது அங்கேதான். தோடர் பாடல்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1971இல் வெளியானது. வாய்மொழியில் மட்டுமே இருந்த பாடல்களுக்குக் கடல் கடந்து ஒரு படி உண்டானது அப்படி.

அதே வளாகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் என்ற மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1988 ஜூனில் சிகாகோ மாநாடு ஒன்றில் வந்தது. அவர்கள் கேட்ட கேள்வி எளிது. பெரிய கணினிகளுக்கென்று ஐ.பி.எம். விற்கும் விலையுயர்ந்த பிரம்மாண்டமான டிஸ்க் ஒன்றுக்குப் பதிலாக, மேசைக் கணினிகளுக்கு வரும் மலிவான 100 மெகாபைட் டிஸ்க்குகள் 75ஐச் சேர்த்தால் என்ன? கொள்ளளவு அதே அளவு வரும், வேகம் பன்மடங்கு. ஆனால் ஓர் இடி காத்திருந்தது. ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்றால், உதாரணமாக நூறு டிஸ்க்குகள் சேர்ந்த கூட்டத்தில் ஏதாவது ஒன்று 300 மணி நேரத்தில், அதாவது இரண்டு வாரத்துக்குள், நின்றுபோகும். ஒன்று நின்றாலும் தரவு போகாதபடி செய்ய அவர்கள் வகைப்படுத்திய முறைகளே ரெய்டு ஒன்று முதல் ஐந்து வரை. மலிவான டிஸ்க்குகளின் உபரி வரிசை என்பதே அந்தப் பெயரின் விரிவு. ‘மலிவான’ என்ற சொல்லைப் பின்னால் வணிகர்கள் ‘தனித்த’ என்று மாற்றிக்கொண்டார்கள்.

ரெய்டு ஒன்று என்றால் அப்படியே படியெடுப்பது: இரண்டு டிஸ்க்கிலும் ஒரே எழுத்து. ரெய்டு ஐந்தில் இருப்பது கணக்கு. அதைக் குன்னூர்க்காரருக்குச் சொல்ல இலை எடைப் புத்தகம் போதும். காலையில் 42 கிலோ பசுந்தேயிலை, நண்பகலில் 35, மாலையில் 51, மொத்தம் 128. மழைத்துளி பட்டு நண்பகல் எண் அழிந்துபோனால் கலங்க வேண்டியதில்லை. 128இலிருந்து 42ஐயும் 51ஐயும் கழித்தால் 35 வந்துவிடும். டிஸ்க்குகளில் கூட்டலுக்குப் பதிலாக வேறொரு கணக்கு நடக்கிறது, தத்துவம் ஒன்றே. மொத்தம் எழுதிய பங்குக்குப் பேரிட்டி என்று பெயர். இரண்டு எண்கள் அழிந்தால் மொத்தம் இருந்தும் பயனில்லை. இரண்டு தனித்தனிக் கணக்குகளை எழுதிவைத்து இரண்டு இழப்பைத் தாங்குவது ரெய்டு ஆறு. ரெய்டு பூஜ்யம் என்று ஒன்று பின்னர் வந்தது. அதில் மொத்தமும் இல்லை, படியும் இல்லை. வேகத்துக்காக எல்லாவற்றையும் துண்டாக்கிப் பரப்பி வைப்பது மட்டும்தான். ஒரு டிஸ்க் போனால் அனைத்தும் போகும். குடும்பப் படங்களை அதில் வைப்பது தகாது.

எடைப் புத்தகத்தில் இன்னொரு ஆபத்தும் தெரியும். மாலை எண்ணை எழுதியாயிற்று, மொத்தத்தைத் திருத்துவதற்குள் கரண்ட் போய்விட்டது. இப்போது எண்களும் மொத்தமும் ஒத்துப்போகாது. பின்னால் ஏதாவது அழிந்தால் கழித்துக் கிடைக்கும் விடை தப்பாக இருக்கும். ரெய்டு ஐந்தில் இது நிஜமாகவே நேரக்கூடியது. காற்றிலும் மழையிலும் மரம் விழுந்து மின்சாரம் போவது சகஜமான மலையூரில், யு.பி.எஸ். இல்லாமல் பேரிட்டி முறையை நம்பக் கூடாது.

1988இல் நூறு மெகாபைட்டுக்கு எழுதிய கணக்கு, டிஸ்க்குகள் எட்டு டெராபைட் ஆனபோது வேறு முகம் காட்டியது. நின்றுபோன டிஸ்க்கை மாற்றினால் மீதமுள்ள டிஸ்க்குகளை முழுதாகப் படித்துத்தான் புதியதை நிரப்ப வேண்டும். நொடிக்கு 200 மெகாபைட் என்ற நல்ல வேகத்திலேயே எட்டு டெராபைட்டுக்குப் பதினோரு மணி நேரம். பெட்டி வேறு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தால் நாள் கணக்காகும். சாதாரண டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் விவரத்தாளில், பத்தின் பதினான்காம் அடுக்கு பிட்டுகளைப் படிக்கையில் ஒரு பிட் வரை படிக்க முடியாமல் போகலாம் என்றிருக்கும். அது 12.5 டெராபைட். நான்கு டிஸ்க் ரெய்டு ஐந்தில் ஒன்று போனால் படிக்க வேண்டியதோ 24 டெராபைட். நடைமுறையில் டிஸ்க்குகள் பெரும்பாலும் இதைவிட நன்றாகவே உழைக்கின்றன. ஆயினும் ஒரே நாளில், ஒரே பெட்டியில், ஒரே தொகுப்பிலிருந்து வாங்கிய நான்கு டிஸ்க்குகள் ஒரே வயதில் முதுமையடைகின்றன. பதிற்றுப்பத்துப் பிரதிகளைப்போல அவை ஒரே தாயின் குறையைச் சுமக்கக்கூடும். மாதம் மாற்றி, கடை மாற்றி, முடிந்தால் நிறுவனமும் மாற்றி வாங்குவது வீண் சிரமமல்ல.

முறையைத் தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு இடம் கிடைக்கும் என்று கேட்பவர்கள் அதிகம். பெட்டி செத்துப்போனால் டிஸ்க்கைக் கழற்றி எங்கே படிப்பது என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். இரண்டு டிஸ்க் ரெய்டு ஒன்று இதில் எல்லாவற்றையும் வெல்கிறது. வீட்டு நாஸ் பெட்டிகள் பலவற்றில், சைனாலஜி உட்பட, உள்ளே ஓடுவது லினக்ஸின் பொது ரெய்டு மென்பொருள்தான். ஏதாவது ஒரு டிஸ்க்கை எடுத்து லினக்ஸ் கணினியில் செருகினால் படங்கள் எழுந்து வரும். ரெய்டு ஐந்தில் ஒற்றை டிஸ்க் பேசாது. அதில் இருப்பது கோப்புகளின் துண்டுகள் மட்டுமே. எந்த டிஸ்க் எத்தனையாவது இடத்தில் இருந்தது, துண்டின் அளவு என்ன, பேரிட்டி எந்த வரிசையில் சுழன்றது எல்லாம் தெரிந்தால்தான் மீட்பவர் கோக்க முடியும். கணினியில் செருகும் தனி ரெய்டு அட்டை வைத்திருப்பவர்களுக்கு, அது பழுதானால் அதே இனத்து அட்டையைத் தேட வேண்டிய பாடும் சேரும். பெட்டியைப் பூட்டும் ரகசியச் சாவியை எங்கும் எழுதிவைக்காதவருக்கோ டிஸ்க் நன்றாக இருந்தும் எதுவும் இல்லை.

கெட்ட நாள் வந்தபின் நடக்கும் இழப்புகளில் கணிசமானது மனிதக் கையால் நேர்வது. பெட்டி சிவப்பு விளக்கு காட்டியதும் பதற்றத்தில் டிஸ்க்குகளை இடம் மாற்றிச் செருகுகிறார்கள். திரையில் வரும் ‘இனிஷியலைஸ்’ பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். நலிந்த டிஸ்க்கை வைத்துக்கொண்டே, புதிய டிஸ்க்கை நிரப்பும் ரீபில்டுக்கு விரட்டுகிறார்கள். டிஸ்க் டக் டக் என்று ஒலித்தால் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் இடத்து எண்ணைப் பேனாவால் எழுதி, போட்டோவும் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் அப்படியே வேறு டிஸ்க்கில் நகலெடுத்து, நகலின் மேல்தான் மீட்பு வேலை நடக்க வேண்டும்; டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் அதற்கே இருக்கிறது. பழைய ஏட்டைத் தேய்க்காமல் படியெடுத்துவிட்டு, படியின் மேல் பாடபேதம் குறித்தாரே ஐயர், அந்தப் பொறுமைதான் இங்கும் தேவை.

இத்தனையும் சறுக்கலைப் பற்றியதுதான். மண்சரிவைப் பற்றி ரெய்டு எதுவும் சொல்லாது. தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் அது இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணப்பறிப்பு நிரல், இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டியது. உள்ளே எந்த ரெய்டு இருந்தது என்று அது பார்க்கவில்லை. மின்னல், திருட்டு, கூரை ஒழுக்கு ஆகியவையும் பார்க்காது. அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் குரோக் 2005இல் எழுதிய நூலின் வழியே பரவிய ஒரு கணக்கு இதற்குத்தான்: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில். அவரும் ஒரு புகைப்படக்காரர் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. நெகட்டிவும் ஆல்பமும் இரண்டு கூரைகளின் கீழ் இருந்த ஏற்பாட்டை அவர் டிஜிட்டலில் திரும்பக் கட்டியிருக்கிறார்.

குன்னூர் வீட்டுக்கு அதைப் பெயர்த்தால் இப்படி வரும். இரண்டு டிஸ்க் பெட்டி ஒன்று, ரெய்டு ஒன்று முறையில். பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ஸ்னாப்ஷாட் வசதி உள்ளதாக இருந்தால் நல்லது. பெட்டி சுவரோரத்து ஈரத்திலிருந்து தள்ளி, யு.பி.எஸ். துணையோடு இருக்க வேண்டும். பெட்டியிலிருந்து படியெடுத்த வெளி டிஸ்க் ஒன்று எப்போதும் கழற்றிய நிலையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் இருக்கட்டும். இன்னொன்று மலைக்குக் கீழே, மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ இருக்கும் மகள் வீட்டுப் பீரோவில். நான்கு டிஸ்க் பெட்டிக்குச் செலவழிக்கும் பணம் இருந்தால், முதலில் இந்த இரண்டு வெளி டிஸ்க்குகளுக்கு ஒதுக்குவதே சரி. இடம் உண்மையிலேயே போதாத வீடியோக்காரருக்கு நான்கு டிஸ்க் ரெய்டு ஆறோ, இரட்டைப் படிகளைக் கோத்த ரெய்டு பத்தோ பொருந்தும். அப்போதும் வெளிப்படி இல்லாமல் முடியாது.

ஆண்டுதோறும் ஆயுத பூசைக்குக் குன்னூரில் நீராவி இன்ஜினைத் துடைத்து, மாலையிட்டு, சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள். அதே நாளில் ஒரு காலத்தில் ஏடுகளும் வெளியே வந்து எண்ணெய் பூசிக்கொண்டன. அதற்குச் சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை மலையைப் பிடித்துக்கொள்ளும். கீழே இருக்கும் டிஸ்க்கை மேலே வரவழைத்து, செருகிப் பார்த்து, ஏதாவது ஓர் ஆல்பத்தை மீட்டெடுத்துத் திறந்து பார்த்துவிட்டு, புதுப் படங்களை ஏற்றி மீண்டும் கீழே அனுப்ப அதைவிடத் தோதான நாள் பஞ்சாங்கத்தில் இல்லை.